மதங்க சூளாமணியும் நாடகம் கற்பிக்கும் ஆசிரியரும்: விபுலாநந்தரின் நாடக வாசிப்பு முறை

ஆய்வுச் சுருக்கம்

சுவாமி விபுலாநந்தர் இயற்றிய மதங்க சூளாமணி (1926) நாடக இலக்கண நூலாகவும், ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழுக்கு அறிமுகம் செய்த ஒப்பியல் நூலாகவும் மதிக்கப்பட்டு வருகிறது. அந்நூலை எழுதியவர் துறவு பூணுவதற்கு முன்னர்ப் பயிற்சிக் கல்லூரியில் பயின்று, பள்ளிகளில் பாடஞ்சொன்ன ஆசிரியர் என்பது அவருடைய வரலாற்றில் பதிவாகியிருப்பினும், நூலின் அமைப்போடு அது தொடர்புபடுத்தி ஆராயப்படுவது குறைவு. செவ்வியல் நாடகத்தைப் படிக்கவும் படிப்பிக்கவும் ஓர் ஆசிரியர் வகுத்துக்கொண்ட முறையாக மதங்க சூளாமணியை இக்கட்டுரை காண்கிறது. நூலின் மூவியல் பகுப்பு, ஐந்து சந்திகளை அது கையாளுதற்கு இடமளித்த உரைமரபு, அம்முறையின் எல்லை ஆகியன இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: விபுலாநந்தர், மதங்க சூளாமணி, அரங்கேற்று காதை, அடியார்க்குநல்லார், சந்தி, ஆசிரியர் பயிற்சி, கூத்து

1. முன்னுரை

இலக்கியங் கண்டு அதற்கு இலக்கணம் இயம்புவது தமிழ் மரபு. நாடகத்தைப் பொறுத்தவரை இம்மரபு தலைகீழாக நின்றது. நாடகத் தமிழின் இலக்கணக் கூறுகள் சிலப்பதிகார உரைகளில் ஓரளவு எஞ்சியிருந்தன. அவ்விலக்கணத்திற்கு இலக்கியமான பழைய நாடகப் பனுவல்கள் எஞ்சவில்லை. முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் முதலிய நூல்கள் இறந்துபட்டமையை அடியார்க்குநல்லாரே குறிப்பிடுகிறார். அவருக்குக் கிடைத்த பரதசேனாபதீயமும் மதிவாணர் நாடகத் தமிழ் நூலும் கூட இலக்கண நூல்களேயன்றி நாடகங்கள் அல்ல.

இந்நிலை ஆராய்ச்சியாளர்க்கு ஒரு சிக்கல் என்றால், வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்க்கு அதனினும் பெரிய சிக்கல். சந்தி இது, சுவை இது என்று வரையறை கூறிய பின்னர், அதனைக் காட்டுதற்கு அவர் எந்த நாடகத்தை எடுப்பது? இவ்வினாவிற்கு விடை தேடிய முயற்சிகளுள் மதங்க சூளாமணி தனித்து நிற்கிறது. அதனை எழுதியவர் பெற்ற பயிற்சி அவ்விடையின் வடிவத்தை எவ்வாறு உருவாக்கியது என்பதே இக்கட்டுரையின் வினா.

2. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாடகப் பாடம்

1891ஆம் ஆண்டில் தமிழ் நாடக வரலாற்றின் இரு போக்குகள் ஒருசேரத் தோன்றின. திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளை மனோன்மணீயத்தை வெளியிட்டார். லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதையொன்றைத் தழுவி, ஐந்து அங்கங்களும் இருபது களங்களுமாக அமைந்த அந்நூல் படிப்பதற்குரிய நாடகம் என்னும் நிலையிலேயே கல்லூரிகளுக்குள் புகுந்தது. அதே ஆண்டில் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். ஹாம்லெட்டை அமலாதித்யனாகவும் மாக்பெத்தை மகபதியாகவும் அவர் மேடைக்குரிய தமிழில் ஆக்கினார். படிக்கும் நாடகமும் நடிக்கும் நாடகமும் ஓராண்டிலேயே வெவ்வேறு வழிகளில் நடக்கத் தொடங்கின.

அடுத்த ஆண்டில் உ. வே. சாமிநாதையரின் சிலப்பதிகாரப் பதிப்பு, அரும்பதவுரையோடும் அடியார்க்குநல்லார் உரையோடும் வெளிவந்தது. அரங்கேற்று காதையும் அதன் உரையும் அச்சில் கிடைத்ததால் நாடக இலக்கணம் பற்றிய சிந்தனைக்குத் தமிழிலேயே ஓர் அடித்தளம் வாய்த்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் 1897இல் நாடகவியலைச் செய்யுள் வடிவில் இயற்றினார். இலக்கணத்திற்கு இலக்கியம் இல்லை என்னும் குறையை அவர் தாமே நாடகம் எழுதி நிரப்ப முற்பட்டார். ரூபாவதி, கலாவதி, மானவிஜயம் ஆகியவை அம்முயற்சியின் பயன்கள்.

ஆங்கில நாடகம் கற்பிக்கப்பட்ட முறையும் இங்கு நோக்கத்தக்கது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் குடியேற்ற நாடுகளிலும் நடத்திய பள்ளித் தேர்வுகளில் ஷேக்ஸ்பியர் நாடகங்கள் பாடமாக விதிக்கப்பட்டன. அத்தேர்வுகளுக்கு உதவிய வெரிட்டி முதலியோரின் பதிப்புகள் முன்னுரை, மூலம், குறிப்புரை, சொல்லடைவு என்னும் பகுதிகளைக் கொண்டவை. அருஞ்சொற்குப் பொருள் கூறுதல், இடஞ்சுட்டிப் பொருள் விளக்குதல், செய்யுளை உரைநடையாக்குதல் ஆகியவையே மாணவரிடம் எதிர்பார்க்கப்பட்ட திறன்கள். தமிழ்ப் பண்டிதர் கையாண்ட பதவுரை, பொழிப்புரை முறைக்கும் இதற்கும் நோக்கத்தில் வேறுபாடு மிகுதியில்லை. இரண்டும் நாடகத்தை அடியடியாகப் பார்த்தன. ஒரு நாடகம் முழுமையாக எவ்வாறு இயங்குகிறது என்னும் வினா இரண்டிலும் பின்தங்கியது.

இதற்கு விலக்காக வேறொரு வாசிப்பும் இருந்தது. கிறித்தவக் கல்லூரியின் முதல்வர் வில்லியம் மில்லர், லியர், மாக்பெத், ஹாம்லெட், ஒதெல்லோ ஆகிய நான்கு அவல நாடகங்களையும் வாழ்க்கை நெறி உணர்த்துவனவாக விளக்கி 1900இல் நூலாக்கினார். நாடகத்தை முழுமையாக நோக்கிய வாசிப்பாயினும் அதன் நாட்டம் அறவுரையில் நிலைத்தது. கட்டமைப்பு அதில் முதன்மை பெறவில்லை. ஆக, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடகம் கற்பிக்க முன்வந்த ஆசிரியர் முன்பு சொல்வழி வாசிப்பு, அறவழி வாசிப்பு என இரண்டே பாதைகள் திறந்திருந்தன.

3. மயில்வாகனன் பெற்ற பயிற்சிகள்

விபுலாநந்தரின் இயற்பெயர் மயில்வாகனன். 1892இல் கிழக்கிலங்கையின் காரைதீவில் பிறந்த அவர், மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியில் பயின்று 1908இல் கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் தேறினார். 1911இல் கொழும்பு அரசினர் ஆங்கில ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்து, அடுத்த ஆண்டில் பயிற்றப்பட்ட ஆசிரியராக வெளிவந்தார். கொழும்பில் இருந்த காலத்தில் தென்கோவைக் கந்தையாபிள்ளையிடம் தமிழ் நூல்களைப் பாடங்கேட்டார். 1916இல் கொழும்புத் தொழினுட்பக் கல்லூரியில் அறிவியல் டிப்ளோமாவும், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்வும் அவருக்கு வாய்த்தன. 1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் அறிவியல் ஆசிரியரானார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டமும் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியர் பொறுப்பை ஏற்றார். 1922இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து, 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தர் ஆனார். மதங்க சூளாமணி மதுரைத் தமிழ்ச் சங்க வெளியீடாக வந்தது அதற்கு இரண்டாண்டு கழித்தே.

இவ்வரலாற்றில் மூவகைப் பயிற்சிகள் ஒருவரிடத்தே கூடுகின்றன. பயிற்சிக் கல்லூரி பாடத்தைக் கூறுபடுத்தி வரிசைப்படுத்தும் ஒழுங்கைத் தந்தது. பண்டிதத் தேர்வு நூற்பாவும் உரையும் எடுத்துக்காட்டும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும் உரைமரபைத் தந்தது. அறிவியற் கல்வி, பொதுவிதி ஒன்றைப் பல நேர்வுகளில் வைத்துச் சோதிக்கும் பழக்கத்தைத் தந்தது. இம்மூன்றில் எதுவும் தனித்து நின்றிருப்பின் மதங்க சூளாமணி வேறொரு நூலாகியிருக்கும். பண்டிதப் பயிற்சி மட்டும் இருந்திருப்பின் அது மற்றொரு நாடகவியலாக அமைந்திருக்கும். ஆங்கிலப் பயிற்சி மட்டும் இருந்திருப்பின் ஷேக்ஸ்பியர் நாடகக் கதைத் தொகுப்பாக முடிந்திருக்கும்.

4. நூலின் அமைப்பு: உறுப்பு, எடுத்துக்காட்டு, ஒழிபு

மதங்கர் என்பது கூத்தரைக் குறிக்கும் சொல்; சூளாமணி முடியில் அணியும் மணி. கூத்தர்க்கு முடிமணி என்னும் பொருளுடைய இப்பெயர் ஷேக்ஸ்பியரைச் சுட்டி நூலுக்கும் ஆகி வந்தது. அவரைச் 'செகசிற்பியார்' எனத் தமிழ்ப்படுத்தி வழங்கியவரும் விபுலாநந்தரே.

நூல் மூன்று இயல்களை உடையது. முதலாவதாகிய உறுப்பியல், அரங்கேற்று காதையையும் அடியார்க்குநல்லார் உரையையும் பற்றி நின்று நாடக உறுப்புகளை விளக்குகிறது. இரண்டாவதாகிய எடுத்துக்காட்டியல், ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களை எடுத்துக்கொண்டு, கதைப்போக்கைக் கூறி, தெரிந்தெடுத்த பகுதிகளைத் தமிழ்ச் செய்யுளாகத் தருகிறது. மூன்றாவதாகிய ஒழிபியல், தனஞ்சயனின் தசரூபகத்தைத் துணைக்கொண்டு, எஞ்சிய இலக்கணக் கூறுகளை வடமொழி நாடகங்களிலிருந்து காட்டுகளோடு நிறைவு செய்கிறது.

இவ்வரிசை கருதத்தக்கது. அடியார்க்குநல்லார் உரை, தசரூபகம் ஆகிய இரண்டும் இலக்கண மூலங்கள். இலக்கணம் மட்டுமே நோக்கமாயின் அவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்து, இறுதியில் எடுத்துக்காட்டுகளைத் தொகுத்திருக்கலாம். விபுலாநந்தர் அவ்வாறு செய்யாமல், தமிழ் உரைமரபில் கிடைக்கும் அடிப்படை உறுப்புகளை முதலில் கூறி, உடனே பன்னிரண்டு நாடகங்களில் அவற்றைக் கண்டறியச் செய்து, அதன்பின்னரே நுண்மையான வகைப்பாடுகளுக்குச் செல்கிறார். அடிப்படை, பயிற்சி, விரிவு என அமையும் இவ்வொழுங்கு பாடத்திட்டம் ஒன்றின் ஒழுங்கு. ஒழிபியலை அடையும் வாசகர் ஏற்கெனவே பன்னிரண்டு நாடகங்களைப் பகுத்துப் பார்த்தவராகிறார்.

இலக்கணத்திற்கு இலக்கியம் இல்லை என்னும் சிக்கலுக்கு இருவர் கண்ட தீர்வுகளும் இங்கு ஒப்பிடத்தக்கன. சூரியநாராயண சாஸ்திரியார் இலக்கணத்திற்கு ஏற்ப நாடகம் படைத்தார். அத்தகைய நாடகம் விதியை மெய்ப்பிக்கும், விதியைச் சோதிக்காது. விபுலாநந்தர் அடியார்க்குநல்லாரை அறியாத ஒரு கவிஞரின் நாடகங்களில் அடியார்க்குநல்லார் தந்த உறுப்புகளைத் தேடினார். விதி தனக்கு அயலான நேர்விலும் பொருந்துகிறதா என்று பார்ப்பது அறிவியல் ஆசிரியரின் வழி. ஷேக்ஸ்பியருக்குத் தமிழ் இலக்கணச் சட்டை அணிவித்தார் என்று இம்முயற்சியை எளிதில் ஒதுக்கிவிட இயலாமைக்கு இதுவே காரணம்.

5. ஐந்து சந்திகளும் நெற்பயிர் உவமையும்

உறுப்பியல் கூறும் உறுப்புகளுள் கற்பித்தலுக்குப் பெரிதும் பயன்படுவது சந்தி. வடமொழி நாடக நூலார் முகம், பிரதிமுகம், கர்ப்பம், விமர்சம், நிர்வகணம் என ஐந்து சந்திகளைக் கூறுவர். அடியார்க்குநல்லார் உரை முதல் மூன்றையும் முகம், பிரதிமுகம், கருப்பம் என ஏற்று, இறுதி இரண்டையும் விளைவு, துய்த்தல் என்று தமிழில் வழங்குகிறது.

இப்பெயர் மாற்றம் வெறும் மொழிபெயர்ப்பு அன்று. உரையாசிரியர் ஐந்தையும் நெல் வேளாண்மையோடு உவமித்து விளக்குகிறார். பண்படுத்திய நிலத்தில் இட்ட வித்து முளைப்பது முகம். அது நாற்றாகி இலை விடுவது பிரதிமுகம். கருக்கொண்டு கதிரைத் தன்னுள் பொதிந்து நிற்பது கருப்பம். கதிர் திரண்டு முற்றிச் சாய்வது விளைவு. அறுத்துச் சூடடித்துத் தூற்றிக் கொண்டுசென்று உண்பது துய்த்தல். விமர்சம் என்பது தடையும் ஐயமும் நேர்ந்து தலைவன் எண்ணிப் பார்க்கும் கட்டம். விளைவு என்பதோ முற்றுதல். நிர்வகணம் கதையிழைகளை ஒன்றுகூட்டி முடித்தல். துய்த்தல் என்பதோ பயனை நுகர்தல். வடமொழிப் பெயர்கள் பாத்திரத்தின் முயற்சியையும் கதை முடிவையும் முதன்மைப்படுத்த, தமிழ்ப் பெயர்கள் செயலுக்கும் அதன் பயனுக்கும் உள்ள தொடர்பை முதன்மைப்படுத்துகின்றன.

வகுப்பறையில் இவ்வேறுபாட்டின் பயனை மாக்பெத் நாடகத்தில் பொருத்திப் பார்க்கலாம். சூனியக்காரியரின் சொல் மாக்பெத்தின் உள்ளத்தில் வித்தாக விழுவது முகம். மன்னன் டங்கனைக் கொன்று முடி பெறுவது பிரதிமுகம். வித்து இலைவிட்டு வெளிப்படுகிறது. பாங்க்கோவைக் கொல்வித்தும் அவன் மகன் தப்பிவிட, விருந்தில் ஆவியைக் கண்டு மாக்பெத் நடுங்குவது கருப்பம். பயன் உள்ளே பொதிந்து நிற்கிறது, இன்னும் வெளிப்படவில்லை. மாக்டஃப் குடும்பத்தின் கொலையும் இங்கிலாந்தில் படை திரளுதலும் விளைவு. தீவினை முற்றித் தலைசாய்கிறது. மனைவியின் இறப்பும் மாக்பெத்தின் வீழ்ச்சியும் துய்த்தல்.

ஜெர்மானியர் ஃபிரைடாக் 1863இல் முன்வைத்த ஐங்கூற்று அமைப்பின்படி மூன்றாம் அங்கம் நாடகத்தின் உச்சம். அதன்பின் வருவது இறக்கம். நெற்பயிர் அமைப்பின்படி மூன்றாம் பகுதி சூல். அதன்பின் வருவது முற்றுதல். ஒரே விருந்துக் காட்சியை முதலாவது அமைப்பு உயர்விலிருந்து வீழ்ச்சிக்குத் திரும்பும் முனையாகக் காண, இரண்டாவது அமைப்பு அறுவடைக்கு முந்திய சூல் நிலையாகக் காண்கிறது. நெல் விளையும் ஊர்களிலிருந்து வரும் மாணவர்க்கு எது எளிதில் விளங்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மட்டக்களப்பு வயல்வெளியை அறிந்த ஆசிரியர்க்கும் அடியார்க்குநல்லாரின் உவமை ஏட்டுச் செய்தியாக மட்டும் இருந்திராது.

மேலும் ஓர் இடர்ப்பாட்டை இச்சொல்லாட்சி தீர்க்கிறது. வடமொழி நாடக மரபு தலைவனின் இறப்பை முடிவாகக் கொள்வதில்லை. பயன்பேறே அதன் முடிவு. அம்மரபின் சந்திகளைக் கொண்டு ஷேக்ஸ்பியரின் அவல நாடகத்தை விளக்க முயலும் ஆசிரியர் இறுதிச் சந்தியில் திகைக்க நேரும். துய்த்தல் என்னும் சொல் இன்பத்திற்கும் துன்பத்திற்கும் பொது. வினைப்பயனைத் துய்த்தல் என்பது தமிழர்க்குப் பழகிய சிந்தனை. சிலப்பதிகாரமே ஊழ்வினையின் பயன் வந்து ஊட்டும் என்னும் கருத்தின்மேல் எழுந்த காப்பியம். ஆகவே தமிழ்ச் சந்திப் பெயர்கள் மங்கல முடிவையும் அவல முடிவையும் ஒருங்கே ஏற்கும் விரிவுடையனவாக நிற்கின்றன. இன்பியலும் துன்பியலும் கலந்த பன்னிரண்டு நாடகங்களை ஒரே சட்டகத்தில் காட்டுதற்கு இவ்விரிவு துணை நின்றது.

6. வாசிப்பின் எல்லை: அண்ணாவியாரின் களரி

மதங்க சூளாமணி கற்பிக்கும் முறை வாசிப்பு முறையே. அதன் அடிப்படையாகிய அரங்கேற்று காதையோ ஆற்றுகைக் கல்வியின் ஆவணம். மாதவி ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகிறாள். அவ்வரங்கேற்றத்தைக் கூறுமுன், ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோர்க்குரிய தகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக விரிக்கப்படுகின்றன. ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமுமாக அரங்கின் அளவும், மூவகை எழினியும் கூறப்படுகின்றன. நாடகம் கற்பிப்பது ஒருவர் தொழில் அன்று. பல்துறை ஆசிரியர் கூடிச் செய்யும் பணி என்பது அக்காதையின் நிலைப்பாடு. அக்கூட்டுப்பணியின் ஒரு கூறாகிய பனுவல் வாசிப்பையே நவீன வகுப்பறை தனக்கு எடுத்துக்கொண்டது.

ஆற்றுகைக் கல்வியின் உயிருள்ள மரபு ஒன்று விபுலாநந்தர் பிறந்த மண்ணிலேயே இருந்தது. மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் ஆசிரியராக விளங்குபவர் அண்ணாவியார். ஏட்டிலுள்ள பாத்திரப் பாடல்களை நடிப்போர்க்கு வழங்கும் சட்டங்கொடுத்தலில் தொடங்கி, ஆட்டமும் பாட்டும் பழக்கி, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்னும் நிலைகளைக் கடந்து, வட்டக் களரியில் அரங்கேற்றும் வரை அக்கல்வி நீள்கிறது. எழுத்தறியாதாரும் நாடகத்தின் முழுப் பாடத்தையும் உடலிலும் குரலிலும் ஏற்றுக்கொள்ளும் முறை அது. மதங்க சூளாமணியின் எடுத்துக்காட்டுகள் ஷேக்ஸ்பியரிடமிருந்தும் வடமொழியிலிருந்தும் வந்தன. கூத்து அவற்றுள் இடம்பெறவில்லை. செவ்வியல் என்பதைப் பனுவலோடு இணைத்தே எண்ணிய ஒரு காலத்தின் வரம்பு இது. இதனைத் தனியொருவரின் குறையாகக் கொள்ளுதல் பொருந்தாது.

விபுலாநந்தரின் பிற்கால உழைப்பும் அரங்கேற்று காதையை ஆற்றுகை நோக்கி நகர்த்தியது. அக்காதையில் யாழாசிரியன் அமைதி கூறும் இருபத்தைந்து அடிகளின் விரிவுரையாகவே 1947இல் யாழ் நூல் அரங்கேறியது; ஏட்டிலிருந்த இசையை ஒலியாகவும் கருவியாகவும் மீட்கும் முயற்சி அது. நாடகத்தில் அதற்கு ஒத்த முயற்சி பின்வந்தோரால் நிகழ்ந்தது. விபுலாநந்தர் 1943 முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்த இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற சு. வித்தியானந்தன், பேராதனையில் மாணவர்களைக் கொண்டு 1962இல் கர்ணன் போரை மேடையேற்றினார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் ஆட்டம் பழக்கினார். இராவணேசன் முதலிய ஆக்கங்கள் தொடர்ந்தன. பல்கலைக்கழக ஆசிரியரும் அண்ணாவியாரும் ஒரே நாடகத்திற்கு ஆசிரியராயினர். பல்துறை ஆசிரியர் கூட்டுப்பணி என்னும் அரங்கேற்று காதையின் நிலைப்பாடு ஒருவகையில் மீண்டும் உயிர்பெற்றது. 1978இல் யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் நிறுவிய நாடக அரங்கக் கல்லூரி, பள்ளி ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் அரங்கப் பயிற்சியை மேலும் விரித்தது.

7. முடிவுரை

மதங்க சூளாமணியின் மூவியல் அமைப்பு, அடிப்படையிலிருந்து பயிற்சிக்கும் பயிற்சியிலிருந்து விரிவுக்கும் செல்லும் கற்பித்தல் ஒழுங்கை உடையது. பயிற்சிக் கல்லூரி, பண்டிதத் தேர்வு, அறிவியல் ஆகிய மூன்றும் ஒருவரிடம் இணைந்தமையால் அவ்வொழுங்கு உருவாயிற்று. சொல்வழி வாசிப்பும் அறவழி வாசிப்பும் மேலோங்கியிருந்த காலத்தில், நாடகத்தை முழுமையான இயக்கமாகக் காணும் மூன்றாவது வழியைத் தமிழ் உரைமரபிலிருந்தே அந்நூல் எடுத்துக்காட்டியது. அடியார்க்குநல்லாரின் விளைவு, துய்த்தல் என்னும் சொல்லாட்சிகள் அவல நாடகத்தையும் தழுவும் ஆற்றலுடையன என்பது இங்கு நிறுவப்பட்டது.

அவ்வழி வாசிப்போடு நின்றது என்பதும் உண்மை. மனோன்மணீயம் உள்ளிட்ட நாடகங்கள் இன்றும் கல்லூரிகளில் செய்யுட் பாடமாகவே பெரிதும் நடத்தப்படுகின்றன. நாடகம் கற்பிக்கப் பயிலும் ஆசிரியர்க்குச் சந்தி வழி வாசிப்பு நாடகத்தின் முழுமையைக் காட்டும். களரியின் பயிற்சி அதன் குரலையும் உடலையும் தரும். இவ்விரண்டும் இணைந்த ஆசிரியப் பயிற்சிக்கான சான்றுகள் மதங்க சூளாமணியிலும் பேராதனை முயற்சியிலும் தனித்தனியே கிடைக்கின்றன. அவற்றை ஒருங்குவைத்துப் பாடத்திட்டம் வகுப்பதே நாடகக் கல்வித் துறையினர் முன்னுள்ள பணியாகும்.